ரெஃபரன்ஸ் கடிகாரம் சொல்வதை லாகில் பிடிப்பது எப்படி: க்ரோனிக்குப் புதியவர்களுக்கு

ஜிபிஎஸ் ரிசீவர் ஒன்றைக் கணினியில் இணைத்து, கணினியின் மணியைச் சரியாக வைத்திருக்கும் க்ரோனி என்ற நிரலின் அமைப்புக் கோப்பில் இரண்டு வரி எழுதி, நேர மூலங்களின் பட்டியலில் அதைத் தேர்ந்தெடுத்ததைக் காட்டும் நட்சத்திரக்குறி விழுந்ததும் வேலை முடிந்தது என்று எழுந்துபோகிறவர்கள்தான் அதிகம். முதல் முறை நானும் அப்படித்தான் எழுந்துபோனேன். சில நாள் கழித்துப் பார்த்தால் அந்தக் கணினி மிகச்சரியாக ஒரு வினாடி பிந்தி ஓடிக்கொண்டிருந்தது. நட்சத்திரம் அப்போதும் அதே இடத்தில்தான் இருந்தது. எப்போது பிசகியது, எதனால் பிசகியது என்று தேடிப் பார்க்க என்னிடம் ஒரு வரிகூடப் பதிவு இல்லை.

அதிலிருந்து ஒரு பழக்கம் வந்துவிட்டது. ரெஃபரன்ஸ் கடிகாரத்தை இணைக்கும் முன்பே அதன் லாகை, அதாவது பதிவுக் கோப்பை, இயக்கிவிடுவேன்; ஒரு முழு நாள் பதிவைப் பார்த்த பிறகுதான் எந்த எண்ணையும் மாற்றுவேன். அந்த வேலையை முதலிலிருந்து கடைசிவரை எப்படிச் செய்வது என்பதுதான் இந்தக் கட்டுரை. பெரும்பகுதி க்ரோனியைப் பற்றியது. அதே வேலையைச் செய்யும் என்டிபிடி என்ற இன்னொரு நிரலை வைத்திருப்பவர்களுக்குக் கடைசியில் ஒரு பகுதி இருக்கிறது.

ஒரு சின்ன விஷயம். கட்டளைகளையும் அமைப்பு வரிகளையும் இங்கே உச்சரிப்பின்படி தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். நீங்கள் தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். பிபிஎஸ், எஸ்ஹெச்எம் போன்ற டிரைவர் பெயர்கள் மட்டும் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் க்ரோனி அவற்றை அடையாளம் காணாது.

எதைப் பதிவு செய்யப் போகிறோம்?

நெட்வொர்க் வழியாக வேறொரு சர்வரிடம் மணி கேட்பது ஒரு வகை. கணினியோடு நேரடியாக இணைந்திருக்கும் ஒரு கருவியிடம் கேட்பது இன்னொரு வகை. இந்த இரண்டாவது வகைதான் ரெஃபரன்ஸ் கடிகாரம், சுருக்கமாக ரெஃப்கிளாக். பெரும்பாலும் அது ஜிபிஎஸ் ரிசீவராகத்தான் இருக்கும். ரிசீவர் நமக்கு இரண்டு விதமாக நேரம் சொல்கிறது. ஒன்று, சீரியல் கம்பியில் வரும் என்எம்இஏ வாக்கியம். இப்போது இத்தனை மணி, இத்தனை நிமிடம், இத்தனை வினாடி என்று எழுத்தில் சொல்லும். ஆனால் வந்து சேரத் தாமதமாகும். 9600 பாட் வேகத்தில் ஒரு எழுத்துக்கே ஏறக்குறைய 1 மில்லிவினாடி போய்விடும். இரண்டாவது, வினாடிக்கு ஒரு மின்துடிப்பு. அதுதான் பிபிஎஸ். வினாடி தொடங்கும் கணத்தை மைக்ரோவினாடித் துல்லியத்தில் காட்டும். ஆனால் அது எந்த வினாடி என்று சொல்லத் தெரியாது.

ஆக, வாக்கியத்துக்கு வினாடியின் பெயர் தெரியும், துல்லியம் கிடையாது. துடிப்புக்குத் துல்லியம் உண்டு, பெயர் தெரியாது. க்ரோனி இரண்டையும் ஜோடி சேர்க்கிறது. சிக்கல்கள் பெரும்பாலும் இந்த ஜோடி சேரும் இடத்தில்தான் வருகின்றன. லாகைப் படிக்கும்போது நம் கண் இருக்க வேண்டியதும் இந்த இடத்தில்தான்.

லாகை இயக்குவது

டெபியன், உபுண்டு வகைகளில் அமைப்புக் கோப்பு /இடிசி/க்ரோனி/க்ரோனி.கான்ஃப். ஃபெடோரா வகைகளில் /இடிசி/க்ரோனி.கான்ஃப். அதில் இந்த இரண்டு வரியும் இருக்க வேண்டும்:

லாக்டிர் /வார்/லாக்/க்ரோனி
லாக் ரெஃப்கிளாக்ஸ் டிராக்கிங் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்

முதல் வரி எந்த அடைவில் எழுத வேண்டும் என்று சொல்கிறது. இரண்டாவது, எதையெல்லாம் எழுத வேண்டும் என்று. நமக்கு முக்கியமானது ரெஃப்கிளாக்ஸ். டிராக்கிங் என்பது கணினிக் கடிகாரம் மொத்தத்தில் எப்படி இருக்கிறது என்பதன் பதிவு. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் ஒவ்வொரு மூலத்தின் புள்ளிவிவரம். பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும் என்பதால் அவற்றையும் சேர்த்துவிடுவேன்.

புதிதாக வருகிறவர்கள் பலர் இங்கே மெஷர்மென்ட்ஸ் என்று எழுதிவிட்டு ஜிபிஎஸ் வரிகள் எங்கே என்று தேடுவார்கள். பெயரைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும், அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மெஷர்மென்ட்ஸ் பதிவு செய்வது நெட்வொர்க் சர்வர்களிடம் எடுத்த அளவீடுகளை மட்டும்தான். ரெஃப்கிளாக்குக்குத் தனி விருப்பம், தனிக் கோப்பு.

அடுத்து கடிகாரத்தையே சேர்ப்போம். ஜிபிஎஸ்டி (ரிசீவரைப் படித்து மற்ற நிரல்களுக்குச் சொல்லும் நிரல்) வழியாக வாக்கியம், கெர்னல் வழியாகத் துடிப்பு என்ற வழக்கமான ஏற்பாட்டுக்கு:

ரெஃப்கிளாக் எஸ்ஹெச்எம் 0 ரெஃப்ஐடி என்எம்இஏ டிலே 0.2 நோசெலக்ட்
ரெஃப்கிளாக் பிபிஎஸ் /டெவ்/பிபிஎஸ்0 லாக் என்எம்இஏ ரெஃப்ஐடி பிபிஎஸ்

தமிழில் எழுதினால் ஒரு வேடிக்கை: பதிவுக்கான லாகும் பூட்டுவதற்கான லாக்கும் ஒன்றுபோலவே தெரிகின்றன. மேலே இரண்டாவது வரியில் இருப்பது பூட்டு, கே எழுத்தில் முடிவது. துடிப்பை என்எம்இஏ என்ற பெயருள்ள கடிகாரத்தோடு பூட்டு என்று பொருள். பதிவுக்கானது ஜி எழுத்தில் முடியும். குழப்பம் வேண்டாம் என்று இனிமேல் பூட்டு என்றே எழுதுகிறேன்.

எஸ்ஹெச்எம் என்பது ஜிபிஎஸ்டி நேரத்தை எழுதிவைக்கும் பகிர்வு நினைவகம். டிலே, இந்த மூலத்தில் எவ்வளவு பிழை இருக்கலாம் என்று க்ரோனிக்குச் சொல்லும் எண். ரெஃப்ஐடி என்பது நான்கு எழுத்துக்குள் நாம் வைக்கும் பெயர். வைக்காவிட்டால் டிரைவரின் பெயரிலிருந்து மூன்று எழுத்தும் ஓர் எண்ணும் சேர்த்து க்ரோனியே ஒன்று வைத்துக்கொள்ளும். லாகில் இந்தப் பெயரை வைத்துத்தான் வரிகளைப் பிரிக்கப் போகிறோம், அதனால் நீங்களே வைப்பது நல்லது.

முதல் வரியின் கடைசியில் இருக்கும் நோசெலக்ட் முக்கியமானது. இந்த மூலத்தை அளந்து பதிவு செய், ஆனால் இதை நம்பிக் கடிகாரத்தைத் திருத்தாதே என்று அதற்குப் பொருள். வாக்கியத்தின் தாமதம் என்னவென்று இன்னும் நமக்குத் தெரியாது, அப்படியிருக்க அதை நம்பி எதையும் திருத்தக் கூடாது. துடிப்பு வரியையும் முதல் நாளில் நான் நோசெலக்ட் போட்டே விடுவேன். கூடவே மூன்று நான்கு நெட்வொர்க் சர்வர்களும் இருக்க வேண்டும். முதல் நாளில் கணினியை நேரத்தில் வைத்திருப்பவை அவைதான். அவை சில மில்லிவினாடி முன்பின் இருக்கலாம். நாம் தேடுவது நூறு மில்லிவினாடி அளவிலான பிழை என்பதால் அது போதும்.

ஜிபிஎஸ்டியை மைனஸ் என் விருப்பத்தோடு தொடங்குங்கள். இல்லாவிட்டால் யாராவது வந்து இருப்பிடம் கேட்கும் வரை அது ரிசீவரைத் திறக்காமலேயே உட்கார்ந்திருக்கும். க்ரோனி யாரிடமும் கேட்பதில்லை, பகிர்வு நினைவகத்தை எட்டிப் பார்ப்பதோடு சரி. இருவரும் ஒருவருக்காக ஒருவர் காத்திருப்பார்கள், லாக் காலியாகக் கிடக்கும்.

அமைப்புக் கோப்பை மாற்றிய பிறகு க்ரோனியை முழுதாக மறுபடி தொடங்க வேண்டும். ரீலோட் சோர்சஸ் என்ற கட்டளை ரெஃப்கிளாக் வரிகளையோ லாக் வரியையோ திரும்பப் படிக்காது.

கோப்பு வரவில்லையா?

/வார்/லாக்/க்ரோனி அடைவில் ரெஃப்கிளாக்ஸ்.லாக் என்று ஒரு கோப்பு வர வேண்டும். டெயில் மைனஸ் எஃப் போட்டுப் பார்த்தால் ஒவ்வொரு கடிகாரத்துக்கும் வினாடிக்கு ஒரு வரியாக வந்துகொண்டிருக்கும்.

வரவில்லை என்றால், அதுவே ஒரு தகவல். க்ரோனி இந்தக் கோப்பைத் தொடங்கும்போதே உருவாக்குவதில்லை. முதல் வரி எழுத வேண்டி வரும்போதுதான் திறக்கிறது. ஆகவே லாக் வரியை ஒழுங்காக எழுதியிருந்தும் கோப்பே இல்லை என்றால், கடிகாரத்திடமிருந்து ஏற்கத்தக்க ஒரு மாதிரிகூட வரவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். ஜிபிஎஸ்டி ஓடுகிறதா, ரிசீவருக்கு வானம் தெரிகிறதா என்று அந்தப் பக்கம் போய்ப் பாருங்கள்.

இன்னொரு காரணம் அனுமதி. க்ரோனி தொடங்கிய பிறகு ரூட் (நிர்வாகி) உரிமையை உதறிவிட்டுத் தனிப் பயனராக ஓடுகிறது. லாக்டிர் வரியில் வழக்கமான அடைவை விட்டுவிட்டு வேறு எங்காவது எழுதச் சொன்னால், அந்தப் பயனருக்கு அங்கே எழுதும் உரிமை வேண்டும். உரிமை கொடுத்தும் எழுதவில்லை என்றால் ஆப்பார்மர், எஸ்இலினக்ஸ் போன்ற பாதுகாப்பு ஏற்பாடு ஏதாவது தடுத்துக்கொண்டிருக்கும். சிஸ்டம் பதிவில் அதற்கான புகார் வரி இருக்கும். புதியவர்களுக்கு என் யோசனை: அடைவை மாற்றாதீர்கள். வழக்கமான இடத்திலேயே எழுதட்டும், வேண்டுமானால் பிறகு நகலெடுத்துக்கொள்ளலாம்.

ஒரு வரியைப் பிரித்துப் படிப்பது

லாகில் 32 வரிக்கு ஒரு தடவை தலைப்பு வரிகள் வந்து போகும். கண்ணால் படிக்க வசதி. ஸ்கிரிப்ட் எழுதிப் படிப்பவர்களுக்குத் தொல்லை; லாக்பேனர் 0 என்று அமைப்பில் போட்டால் நின்றுவிடும். இடையில் இருக்கும் வரிகள் இந்த மாதிரி இருக்கும். எண்களில் வரும் இ என்பது அடுக்குக் குறியான ஆங்கில எழுத்து என்று எடுத்துக்கொள்ளுங்கள்:

2025-02-11 06:18:23.312704 என்எம்இஏ 7 என் 0 -3.127040இ-01 -3.127021இ-01 1.150இ-07
2025-02-11 06:18:24.000000 பிபிஎஸ் 8 என் 1 -5.210000இ-07 -6.402118இ-07 1.150இ-07
2025-02-11 06:18:32.000000 பிபிஎஸ் - என் - - -2.871034இ-07 1.904இ-07

இடமிருந்து வலமாக ஒன்பது பத்திகள். முதல் இரண்டும் தேதியும் நேரமும், எப்போதும் யுடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில். உங்கள் சுவர்க் கடிகாரத்தோடு ஒப்பிட்டுவிட்டு லாக் தப்பாக இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். அடிக்கடி நடக்கிற கதை. மூன்றாவது நாம் வைத்த பெயர்.

நான்காவது பத்தியின் தலைப்பு டிபி. ஒரு சுற்றுக்குள் இது எத்தனையாவது வாசிப்பு என்ற எண். வழக்கமான அமைப்பில் க்ரோனி ஒவ்வொரு வினாடியும் கடிகாரத்தை வாசிக்கிறது, 16 வினாடிக்கு ஒரு தடவை அவற்றையெல்லாம் சேர்த்து ஒரே மாதிரியாக வடிகட்டுகிறது. டிபி எண் ஏறிக்கொண்டே போகும், சுற்று முடிந்ததும் மறுபடி அடியிலிருந்து தொடங்கும். அந்த இடத்தில் எண்ணுக்குப் பதில் வெறும் கோடு இருந்தால் அது வடிகட்டிய வரி. மேலே மூன்றாவதாக இருப்பது அதுதான்.

இந்த டிபி பத்தியை யாரும் பொருட்படுத்துவதில்லை. எனக்கோ லாகிலேயே மிகப் பயனுள்ள பத்தி இதுதான். க்ரோனி ஏற்காத மாதிரிகள் லாகில் வரவே வராது. நிராகரித்தேன் என்று ஒரு வரியும் எழுதாது. ஆனால் எண் மட்டும் ஏறிக்கொண்டே போகும். 5, 6, 9, 10 என்று ஓடினால் நடுவில் இரண்டு வாசிப்பு விழுந்துவிட்டது என்று பொருள். இல்லாததைக் காட்டிக்கொடுக்கும் ஒரே தடயம் அது.

ஐந்தாவது லீப் வினாடி நிலை. லீப் வினாடி என்பது பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போக உலக நேரத்தில் எப்போதாவது செய்யும் ஒரு வினாடித் திருத்தம். என் என்றால் சாதாரணம், கூட்டல் குறி என்றால் ஒரு வினாடி சேர்க்கப் போகிறார்கள், கழித்தல் என்றால் நீக்கப் போகிறார்கள். கடைசியாக லீப் வினாடி சேர்த்தது 2016 டிசம்பர் 31 அன்று. அதனால் இந்தப் பத்தியில் என் தவிர வேறு எதையாவது பார்த்தால், முதலில் ரிசீவரைச் சந்தேகப்படுங்கள். ஆறாவது, துடிப்பிலிருந்து வந்ததா என்ற கொடி: ஆம் என்றால் 1, இல்லை என்றால் 0.

ஏழும் எட்டும்தான் சாரம். இரண்டுமே வினாடியில் சொன்ன விலகல். ஏழாவது, டிரைவர் அளந்தபடியே இருக்கும், எதுவும் திருத்தாத பச்சை விலகல். எட்டாவது, திருத்தங்கள் போட்ட பிறகு கிடைத்த விலகல். திருத்தம் என்றால் இரண்டு: க்ரோனி அந்த நேரத்தில் கணினிக் கடிகாரத்தை மெல்ல நகர்த்திக்கொண்டிருந்தால் இன்னும் மீதமிருக்கும் நகர்வு, அப்புறம் நீங்கள் ஆஃப்செட் என்று அமைப்பில் கொடுத்த எண். ஆஃப்செட் ஏழாவது பத்தியைத் தொடாது, எட்டாவதை மட்டும்தான் மாற்றும். பின்னால் இது உதவும், நினைவில் வையுங்கள்.

கூட்டல் கழித்தல் குறியில்தான் பலர் தடுமாறுவார்கள். எண் நேர்மமாக இருந்தால் உள்ளூர்க் கடிகாரம் பிந்தி ஓடுகிறது. எதிர்மமாக இருந்தால் முந்துகிறது. மேலே முதல் வரியைப் பாருங்கள். விலகல் மைனஸ் 0.3127 வினாடி. உண்மையில் நம் கடிகாரம் முந்தவில்லை. 23ஆம் வினாடியைச் சொல்லும் வாக்கியம் 0.3127 வினாடி தாமதமாக வந்து சேர்ந்தது, க்ரோனிக்கு அது நம் கடிகாரம் முந்துவதுபோலத் தெரிகிறது. இரண்டாவது பத்தியில் வினாடியின் பின்னப்பகுதியும் அதே .312704 தான். வாக்கியம் வந்து சேர்ந்த கணம் அது. இந்த இரண்டு எண்களும் இப்படிக் கைகோத்து நின்றால், சிக்கல் தாமதத்தில்தான், கடிகாரத்தில் இல்லை.

ஒன்பதாவது பத்தி அந்த மாதிரியின் நிச்சயமின்மை. முதல் வாரத்தில் அதைப் பார்க்காமல் விட்டாலும் நஷ்டமில்லை.

ஒரு நாள் பதிவிலிருந்து ஆஃப்செட் எடுப்பது

24 மணி நேரம் ஓடட்டும். ஏன் ஒரு முழு நாள்? செயற்கைக்கோள்களின் எண்ணிக்கை மாறும், அறை வெப்பம் மாறும், கணினியின் வேலைப்பளு மாறும். பத்து நிமிடப் பதிவில் இவை எதுவும் தெரியாது.

அடுத்த நாள் ஆக் கட்டளையால் மூன்றாவது பத்தியில் என்எம்இஏ என்றும் நான்காவதில் கோடு அல்லாமலும் இருக்கும் வரிகளை மட்டும் பிரித்து, எட்டாவது பத்தியை எடுங்கள். அதை வரிசைப்படுத்தி நடு வரியைப் பாருங்கள். அதுதான் இடைநிலை மதிப்பு. சராசரி எடுக்காதீர்கள், இரண்டு மூன்று வாக்கியங்கள் எக்குத்தப்பாகத் தாமதித்தால் சராசரி இழுபட்டுவிடும்.

வரிசைப்படுத்தும்போது சார்ட் கட்டளைக்கு மைனஸ் என் போட்டால் தப்பான விடைதான் வரும். அதற்கு அடுக்குக் குறி புரியாது. 9இ-07 என்பதை வெறும் 9 என்று எடுத்துக்கொள்ளும். மைனஸ் ஜி போடுங்கள். இந்த ஒரு எழுத்துக்காக ஒரு மாலைப் பொழுதைத் தொலைத்திருக்கிறேன்.

இடைநிலை மைனஸ் 0.31 என்று வந்தால், குறியை மாற்றி அமைப்பில் எழுத வேண்டும்:

ரெஃப்கிளாக் எஸ்ஹெச்எம் 0 ரெஃப்ஐடி என்எம்இஏ ஆஃப்செட் 0.31 டிலே 0.2 நோசெலக்ட்

மறுபடி தொடங்கியதும் எட்டாவது பத்தி பூஜ்ஜியத்தைச் சுற்றி ஆட வேண்டும். ஏழாவது பழையபடி மைனஸ் 0.31 பக்கத்திலேயே இருக்கும். அது பிழையில்லை; ஆஃப்செட் அதைத் தொடாது என்று மேலே சொன்னது இதைத்தான். ஆறு மாதம் கழித்து ரிசீவரின் தாமதம் மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானாலும் ஏழாவது பத்தியைப் பார்த்தால் போதும்.

இடைநிலையை மட்டும் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். வரிசையின் இரு முனைகளையும் பாருங்கள். மைனஸ் 0.25இலிருந்து மைனஸ் 0.38 வரை என்றால் கவலையில்லை. மைனஸ் 0.3இல் தொடங்கி மைனஸ் 0.7 வரை நீண்டால் ஆஃப்செட்டால் தீராது.

என் ஒரு வினாடி எங்கே போனது

தொடக்கத்தில் சொன்ன கணினியில், லாகை இயக்கிவிட்டு அதே ஏற்பாட்டை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். இரண்டாம் நாள் அதே பிழை திரும்ப வந்தது. இந்தத் தடவை பதிவு இருந்தது.

என்எம்இஏ வரிகளில் விலகல் முதலில் மைனஸ் 0.3 பக்கத்தில் இருந்தது. பிறகு மெல்ல மைனஸ் 0.4 தாண்டியது. அந்த நேரத்திலிருந்து பிபிஎஸ் வரிகள் காணாமல் போயின. டிபி எண் என்எம்இஏ வரிகளில் ஒழுங்காக ஏறிக்கொண்டிருக்க, பிபிஎஸ் ஒன்றுகூட இல்லை. பிறகு என்எம்இஏ மைனஸ் 0.65ஐத் தொட்டதும் பிபிஎஸ் வரிகள் திரும்ப வந்தன, எட்டாவது பத்தியில் மைனஸ் 1 வினாடியோடு.

நடந்தது இதுதான். பூட்டப்பட்ட துடிப்பை க்ரோனி வாக்கியம் சொல்லும் நேரத்துக்கு மிக அருகில் உள்ள வினாடியோடு ஒட்டவைக்கிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அரை வினாடியை நெருங்கினால் எந்தப் பக்கம் என்று தெளிவில்லை, துடிப்பை விட்டுவிடும். அந்தக் குழப்ப மண்டலத்தைத் தாண்டிவிட்டால் பக்கத்து வினாடிதான் அருகில் இருக்கும். தயங்காமல் அதோடு ஒட்டிக்கொள்ளும். நான் ஆஃப்செட் போடவில்லை, நெட்வொர்க் சர்வர் ஒன்றும் சேர்க்கவில்லை. தடுக்க யாரும் இல்லாததால் கடிகாரம் ஒரு வினாடி பின்னால் போய் அங்கேயே நிம்மதியாக உட்கார்ந்துவிட்டது.

தாமதம் ஏன் வளர்ந்தது? ரிசீவர் ஒவ்வொரு வினாடியும் நேர வாக்கியத்தோடு, கண்ணில் படும் செயற்கைக்கோள்களின் பட்டியலையும் அனுப்பும். ஒரு பட்டியல் வாக்கியத்தில் நான்கு செயற்கைக்கோள்கள்தான் கொள்ளும். எண்ணிக்கை கூடினால் வாக்கியங்களும் கூடும். ஏறக்குறைய 70 எழுத்துள்ள ஒரு வாக்கியத்துக்கு 9600 பாடில் 70 மில்லிவினாடிக்கு மேல் போய்விடும். என் ரிசீவரில் நேர வாக்கியம் இந்தப் பட்டியலுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தது. வானம் தெளியத் தெளிய, நேரம் பிந்தியது! வேண்டாத வாக்கியங்களை ரிசீவரில் நிறுத்திவிட்டு, பாட் வேகத்தை உயர்த்தினேன். அதன் பிறகு என்எம்இஏ விலகல் ஒரே இடத்தில் நின்றது.

துடிப்பு வரிகளில் வேறு என்ன பார்க்கலாம்

துடிப்பின் எட்டாவது பத்தி சில மைக்ரோவினாடிக்குள், அதாவது இ-06, இ-07 அளவில் ஆடினால் ஆரோக்கியம். யுஎஸ்பி வழியாகத் துடிப்பைக் கொண்டுவந்தால் அதே எண் இ-04, இ-03 பக்கம் போகும். யுஎஸ்பி கருவிகளைக் கணினி குறித்த இடைவெளியில்தான் விசாரிக்கிறது என்பதே காரணம். க்ரோனி அமைப்பை எவ்வளவு திருகினாலும் அது குறையாது.

ஒற்றையாகத் துள்ளி நிற்கும் வரிகளின் குறியைப் பாருங்கள். கணினி வேறு வேலையில் மூழ்கியிருந்தால் துடிப்பைத் தாமதமாகத்தான் கவனிக்கும், ஒருபோதும் முன்கூட்டியே கவனிக்காது. அதனால் இந்தத் துள்ளல்கள் எதிர்மமாகத்தான் இருக்கும். ஒரு பக்கமாகவே துள்ளினால் வேலைப்பளு, இரு பக்கமும் துள்ளினால் கம்பியிலோ ரிசீவரிலோ பிரச்சினை. இது என் கணக்கு, பெரும்பாலும் சரியாக வந்திருக்கிறது. எப்படியும் ஒவ்வொரு சுற்றிலும் இடைநிலையிலிருந்து விலகி நிற்கும் 40 சதவீத மாதிரிகளை க்ரோனி ஒதுக்கிவிட்டுத்தான் மீதியின் சராசரியை எடுக்கிறது. ஆகவே பச்சை வரிகளில் ஒரு துள்ளலைப் பார்த்துப் பதற வேண்டாம். கோடு போட்ட வரியிலும் துள்ளினால்தான் விஷயம்.

பகல் இரவாக மெல்ல ஏறி இறங்கும் அலை தெரிந்தால் அது வெப்பம். தாய்ப்பலகையில் இருக்கும் சாதாரணப் படிகம் சூடு மாறினால் வேகம் மாறும். கணினியைக் காற்றாடியின் நேர்ப்பாதையிலிருந்து தள்ளி வைத்தாலே அலை அடங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

எவ்வளவு இடம் பிடிக்கும்

ஒரு வரி ஏறக்குறைய 80 பைட். ஒரு கடிகாரத்துக்கு நாளொன்றுக்கு 86,400 பச்சை வரிகள், 5,400 வடிகட்டிய வரிகள், தலைப்புகள். கூட்டினால் 8 மெகாபைட் அளவு. வாக்கியம், துடிப்பு என்று இரண்டு கடிகாரம் என்றால் 16. பெரிய வட்டில் இது ஒன்றுமில்லை. மெமரி கார்டில் ஓடும் சிறு கணினியில் வினாடிக்கு இரண்டு வரி எழுதிக்கொண்டே இருப்பது நல்லதல்ல. முதல் ஒரு வாரம் ஓட்டிவிட்டு, லாக் வரியிலிருந்து ரெஃப்கிளாக்ஸை எடுத்துவிட்டு டிராக்கிங்கை மட்டும் விட்டுவைப்பேன்.

தொடர்ந்து வைத்திருப்பவர்கள் பழைய பதிவுகளைத் தானாக ஒதுக்கிவைக்கும் லாக்ரொட்டேட் நிரலைப் பயன்படுத்துவார்கள். கையால் செய்வதென்றால் கோப்பின் பெயரை மாற்றிவிட்டு க்ரோனிசி சைக்கிள்லாக்ஸ் என்று கட்டளை கொடுக்க வேண்டும். பெயரை மட்டும் மாற்றினால் க்ரோனி பழைய கோப்பிலேயே, புதுப் பெயரில், எழுதிக்கொண்டிருக்கும்.

என்டிபிடி வைத்திருப்பவர்களுக்கு

அங்கே இதற்குப் பெயர் கிளாக்ஸ்டாட்ஸ். என்டிபி.கான்ஃப் கோப்பில்:

ஸ்டாட்ஸ்டிர் /வார்/லாக்/என்டிபிஸ்டாட்ஸ்/
ஸ்டாட்டிஸ்டிக்ஸ் கிளாக்ஸ்டாட்ஸ் பியர்ஸ்டாட்ஸ் லூப்ஸ்டாட்ஸ்
ஃபைல்ஜென் கிளாக்ஸ்டாட்ஸ் ஃபைல் கிளாக்ஸ்டாட்ஸ் டைப் டே எனேபிள்

முதல் வரியின் கடைசிச் சாய்கோட்டை மறக்காமல் போடுங்கள். டைப் டே என்பதால் நாளுக்கு ஒரு கோப்பு உருவாகும்.

க்ரோனியின் லாகும் இதுவும் ஒன்றல்ல. கிளாக்ஸ்டாட்ஸ் வரியில் முதலில் நாள், பிறகு நள்ளிரவிலிருந்து எத்தனை வினாடி, பிறகு 127.127 என்று தொடங்கும் பொய் முகவரி, அதன் பின் கருவி சொன்ன வார்த்தை அப்படியே. பொய் முகவரியின் மூன்றாவது எண் டிரைவர் வகை; என்எம்இஏவுக்கு 20, பிபிஎஸ்ஸுக்கு 22. நாள் என்பது திருத்திய ஜூலியன் நாள் எண். 1970 ஜனவரி 1க்கு அது 40587. அந்த எண்ணைக் கழித்து 86,400ஆல் பெருக்கி, பக்கத்தில் இருக்கும் வினாடியையும் கூட்டினால் யூனிக்ஸ் நேரம் வந்துவிடும். விலகல் எண்களை இங்கே தேடாதீர்கள், அவை பியர்ஸ்டாட்ஸில் இருக்கும்.

கருவி சொன்னதை அப்படியே எழுதுவதில் ஒரு லாபம் உண்டு. ஜிபிஎஸ் 1024 வாரத்துக்கு ஒரு தடவை வார எண்ணைப் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்குகிறது. 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் அப்படி நடந்தது. பழைய ரிசீவர் குழம்பிப்போய் 19 வருடத்துக்கு மேல் பின்தங்கிய தேதியைச் சொன்னால், கிளாக்ஸ்டாட்ஸைத் திறந்தால் போதும், அந்தத் தேதி வாக்கியத்திலேயே நிற்கும்.

அதே காரணத்தால் ஒரு ஆபத்தும் உண்டு. என்எம்இஏ வாக்கியத்தில் அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் இருக்கிறது. உதவி கேட்டு இந்தக் கோப்பை யாருக்காவது அனுப்பினால் உங்கள் வீட்டுக் கூரையின் இருப்பிடத்தையும் சேர்த்து அனுப்புகிறீர்கள். என்டிபி.கான்ஃபில் அந்தக் கடிகாரத்துக்கான ஃபட்ஜ் வரியில் (டிரைவரின் விருப்பங்களை மாற்றும் வரி) ஃபிளாக்4 1 என்று போட்டால் இந்த டிரைவர் இருப்பிடத்தை மறைத்துவிட்டு எழுதும். பிபிஎஸ் டிரைவரில் அதே ஃபிளாக்4க்கு வேறு வேலை: ஒவ்வொரு வினாடியின் நேரமுத்திரையையும் பதிவு செய்யச் சொல்வது. ஆகவே ஒரு டிரைவரின் ஃபட்ஜ் வரியை நகலெடுத்து இன்னொன்றுக்கு ஒட்டாதீர்கள். ஏற்கெனவே எழுதி முடித்த பழைய கோப்புகளை ஃபிளாக்4 தொடாது. அவற்றை அனுப்புவதற்கு முன் நீங்களேதான் திறந்து அந்த எண்களை அழிக்க வேண்டும்.